இவர் கூடத்தில் சாப்பிடுவதில்லை

மார்ச் 4

முட்டைக்கோஸ் நறுக்க உட்கார்ந்தபோதே அலுப்பு. நறுக்கி முடித்தால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

இந்த ஓய்வுக் குடியிருப்புக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. மாடிப்படி ஏற முடியவில்லை என்று பழைய வீட்டை விற்றோம். இடம் பார்க்க வந்த அன்று மகள் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தைக் காட்டிச் சொன்னாள்: "மூணு வேளையும் இங்கயே போடறாங்கம்மா. இனிமே நீ அடுப்படிப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க வேண்டாம்." அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் சரி என்றேன். தோட்டமும் நூலகமும் எனக்கு எதற்கு?

இவர் கூடத்துக்குப் போனது முதல் வாரம் மட்டும். அதற்கப்புறம், "சந்தக்கடை மாதிரி இருக்கு. எனக்கு வீட்லயே போட்டுடு" என்றார். போட்டேன். இன்றுவரை போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தேன். அந்த வேலையிலிருந்து பூங்கொத்து கொடுத்து, கைதட்டி அனுப்பிவைத்தார்கள். அடுப்படியிலிருந்து அனுப்பிவைக்கத்தான் ஆள் இல்லை.

மார்ச் 6

பாத்திரம். துணி. மறுபடி பாத்திரம்.

மார்ச் 9

பக்கத்து வீட்டு அக்கா வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தியவர். யாரோடு நடந்தாலும், எதிரே ஒரு சைக்கிள் வந்தால்கூட அவருடைய வலதுகால் தானாகத் தரையை அழுத்தும். அதனால் வளாகம் முழுக்க அவர் 'பிரேக் அக்கா'. அவர் எனக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே.

வந்ததும் வராததுமாக, "எக்ஸ்ரே, போர்டு பாத்தியா?" என்றார். நான் பார்க்கவில்லை. அறிவிப்புப் பலகையில் மேலாளர் அம்மா ஒட்டியிருக்கிறாராம். மதியச் சாப்பாட்டுக்குக் கூடத்துக்கு வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து மதியம் கூடத்தைப் பூட்டிவிட்டு, டப்பாவில் போட்டு வீட்டு வாசலில் வைத்துவிடப் போகிறார்களாம். நாற்பது பேராவது வந்தால் பழையபடி நடக்கும்.

"வாசல்ல வச்சிட்டு மணியடிச்சிட்டுப் போயிடுவாங்களாம். நாய்க்கு வைக்கிற மாதிரி! எனக்கு மனுஷ முகம் பாக்குற நேரமே மத்தியானம் ஒண்ணுதான். எதிர்வரிசை ஜட்ஜுக்கு அதுவும் இல்லன்னா அவர் ரெண்டு மாசத்துல போயிடுவார், பாத்துக்கோ."

வராதவர்களைக் கூட்டி வர வீடு வீடாகப் போக வேண்டுமாம். அவரும் நானும்.

"முடியலக்கா. உடம்பு அசதி."

"அசதி யாருக்கு இல்ல? இந்த வளாகத்துல அசதி இல்லாதது அந்த இரும்புக் கேட்டு ஒண்ணுதான். அதுவும் இப்ப முனக ஆரம்பிச்சிருச்சு."

சிரித்துவிட்டேன். சிரித்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். வாசலில் திரும்பி, "உன் வீட்டுக்காரரையும் சேத்துத்தான் சொல்றேன்" என்றார்.

இவரிடம் சொன்னேன். பேப்பரை மேசைமேல் விரித்துப் போட்டுக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "நீ வேணா போ. என்ன விட்டுடு" என்றார்.

நான் கூடத்துக்குப் போய்ச் சாப்பிட்டால் இவருக்கு யார் போடுவது? அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 12

இன்று மூன்று வீடு. கால் வலி உயிர் போகிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

முதலில் பேண்டு மாமா. வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் ஊதியவர். கூடத்துக்கு ஏன் வருவதில்லை என்றதற்கு, "ஒரே சத்தம்மா" என்றார். வாழ்க்கை முழுக்க ட்ரம்பெட் ஊதியவருக்குச் சத்தமா? பிரேக் அக்கா விடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே மாமா சொன்னார்: "கீழ்ப்பல் செட்டு நிக்க மாட்டேங்குது. மெல்லும்போது அது பாட்டுக்கு ஒரு பக்கம் போகுது, நான் பாட்டுக்கு ஒரு பக்கம் போறேன். எதிர்ல உக்காந்திருக்கவங்க என் வாயையே பாக்குறாங்க."

அடுத்தது தையல்கார அம்மா. கூட்டம் பிடிக்காது என்றார் முதலில். அப்புறம், "காது கேக்கலம்மா. எல்லாரும் சிரிக்கிறப்ப நானும் சேந்து சிரிக்கிறேன். என்னப் பாத்துத்தான் சிரிக்கிறாங்களோ என்னவோ" என்றார்.

மூன்றாவது வீட்டில் கணவனும் மனைவியும். சாப்பாடு உப்புச் சப்பில்லை என்றார் அவர். மனைவி காப்பி எடுத்து வர உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி, "சாப்பாட்டு நடுவுல ரெண்டு தடவ எழுந்து பாத்ரூம் ஓடணும்மா. அவளுக்கு அசிங்கமா இருக்கு" என்றார். அவளுக்கா, அவருக்கா?

ஒருவருக்கும் கூடத்தின்மேல் கோபமில்லை. தன் உடம்பின்மேல்தான் கோபம். முதல் தடவை கேட்டால் சத்தம், கூட்டம், உப்பு. இரண்டாவது தடவை கேட்டால்தான் நிஜம் வெளியே வருகிறது.

கடைசி வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது சுருக்கென்றது. இவரை நான் இரண்டாவது தடவை கேட்கவே இல்லை.

மார்ச் 13

பார்த்துவிட்டேன்.

மதியம் தட்டை வைத்ததும் வழக்கம்போல, "நீ போய் உன் வேலையப் பாரு" என்றார். என்னோடு உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் சொல்கிறார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். உள்ளே போய் ஃபிரிட்ஜ் ஓரமாக நின்றேன்.

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். ஸ்பூன் மேலே வரும்போது ஆடுகிறது. பாதிச் சோறு தட்டிலேயே விழுகிறது, கொஞ்சம் மடியில். மடியில் விழுந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, காகிதத் துண்டில் மடித்து, கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

துவைக்கும்போது அந்தப் பைகளில் சோற்றுப் பருக்கையைப் பார்த்து எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். "சின்னப்புள்ளையா நீங்க?" என்று.

நில அளவையராக இருந்தவர். வரைபடத்தில் முடி இழை மாதிரி கோடு போடும் கை. பேனாவை எடுத்தால் மூச்சுக்கூட விடமாட்டார். அந்தக் கை.

அப்படியானால் தாடி? "தாடி வச்சா நல்லாருக்கா?" என்று கேட்டாரே. நானும் "பரவால்ல, பெரிய மனுஷன் மாதிரி இருக்கு" என்றேனே. சவரம் செய்ய முடியாமல்தானா? பேப்பரைக் கையில் பிடிக்காமல் மேசையில் விரிப்பது?

மார்ச் 14

கேட்டேன்.

"என்ன நடுக்கம்? குளிருது."

"வெயில் மண்டையப் பொளக்குது. குளிருதா?"

விடவில்லை நான். கடைசியில் சொன்னார். இங்கே வருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டதாம். முதல் வாரம் கூடத்தில் சூப் குடிக்கும்போது சட்டையெல்லாம் கொட்டிவிட்டது. நான் அன்றைக்குப் பல் டாக்டரிடம் போயிருந்தேன். பக்கத்து மேசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்து, "பரவால்லப்பா, பரவால்லப்பா" என்று சொல்லிக்கொண்டே இவர் கழுத்தில் துண்டைக் கட்டிவிட்டாராம்.

"குழந்தைக்குக் கட்டுற மாதிரி. அத்தன பேரும் பாத்தாங்க. நான் அந்தத் துண்டோடயே உக்காந்து குடிச்சு முடிச்சேன்."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "கைதான நடுங்குது, நாக்குமா நடுங்குது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ ஊட்டிவிட வருவ."

வந்திருப்பேன்தான்.

மார்ச் 19

டாக்டரிடம் போய் வந்தோம். வளாகத்து வண்டியில் பிரேக் அக்காவும் கண் பரிசோதனைக்கு வந்ததால் வழியெல்லாம் ஓட்டுநருக்குப் பாடம் நடந்தது. இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு கையும் தொடைக்கு அடியில்.

நாங்கள் பயந்த மாதிரி பெரிய வியாதி இல்லை என்றார் டாக்டர். சிலருக்கு வயதானால் வரும் நடுக்கம். மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், குறையலாம், முழுசாக நிற்காது. "நாலு பேர் பாக்குறாங்கன்னு நெனச்சா இன்னும் கூடும். மனச லேசா வச்சுக்கங்க" என்றார்.

மனதை லேசாக வைக்கச் சொல்லும் டாக்டர்கள் எல்லோரையும் ஒரு நாள் வரிசையாக நிற்கவைத்து, எப்படி என்று கேட்க வேண்டும்.

மார்ச் 20

காரணம் தெரிந்துவிட்டது. பாத்திரம் குறையவில்லை.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நிஜம் இதுதான். இவர்மேல் இரக்கம் பொங்குகிறது. பொங்கிய கையோடு அடுப்பில் பால் பொங்குகிறது, ஓடுகிறேன். காரணம் தெரியாதவரை கோபித்துக்கொள்ளவாவது உரிமை இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

மார்ச் 24

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன்.

சாயங்காலம் குடியிருப்போர் கூட்டம். எல்லோரும் வந்தே ஆக வேண்டும் என்று மேலாளர் அம்மா சொல்லியிருந்ததால் இவரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பிரேக் அக்கா எழுந்து, மதியம் ஏன் பலர் வருவதில்லை என்று யார் பெயரும் சொல்லாமல் பொதுவாகச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். பேண்டு மாமா தலையாட்டினார். தையல்கார அம்மாவுக்குக் கேட்டதோ இல்லையோ, அவரும் ஆட்டினார்.

அப்போது முன்வரிசை வீட்டு பேங்க்காரர் எழுந்தார். வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர், இன்னும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவது போலத்தான் பேசுவார். "இதுக்கு வழி ரொம்ப சிம்பிள். சாப்பிடச் சிரமப்படுறவங்களுக்குத் தனி மேச. ஜன்னலோரமா ஒரு தடுப்பு வச்சுட்டா அவங்களுக்கும் கூச்சமில்ல, நமக்கும் சங்கடமில்ல."

நமக்கும் சங்கடமில்லை! நாலைந்து பேர் சரி என்றார்கள். மேலாளர் அம்மா குறித்துக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டார்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. "தடுப்பு எதுக்குங்க? தொத்து வியாதியா? நான் முப்பது வருஷம் ஒவ்வொருத்தரையா தனி ரூம்ல நிக்கவச்சுக் கதவ சாத்தினவ. அங்க கதவு சாத்துறதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. இங்க என்ன காரணம்? சோறு சிந்துனா தொடச்சுக்கலாம். நீங்க பாக்காம இருந்தாப் போதும், தடுப்பே வேணாம். எங்க வீட்லயும் ஒருத்தர் கை நடுங்குதுன்னு ஒரு வருஷமா—"

அதோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொல்லியாகிவிட்டது. எங்கள் வீட்டில் எத்தனை பேர்? எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. இவர் நாற்காலியின் முதுகைப் பிடித்து எழுந்து, கதவைத் திறந்து வெளியே போனார். மெதுவாகத்தான் போனார். அவசரப்படவில்லை.

கதவு மூடியதும் ஜட்ஜ் பேசினார். நிஜமாகவே நீதிபதியாக இருந்தவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு குழறும், ஆனால் நிறுத்தி நிறுத்திச் சொன்னால் புரியும். கூடத்தில் அவர் சாப்பாடு பாதி வாய்க்கு, பாதி மேசைக்கு.

"எனக்குத் தடுப்பு வேணாம். உச்சாணியில உக்காந்து தீர்ப்பு சொன்னப்ப எல்லாரும் என்னத்தான் பாத்தாங்க. இப்பவும் பாக்கட்டும்."

யாரோ கைதட்டினார்கள். நான் அதற்குள் வாசலில் இருந்தேன்.

மார்ச் 25

பேசவில்லை.

மார்ச் 26

பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறார். "மன்னிச்சிருங்க" என்றேன். காது கேட்காத மாதிரி மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரிக்க வரவில்லை. வாங்கிப் பிரித்துக் கொடுக்கக் கை நீட்டினேன். பல்லால் கடித்துப் பிரித்தார்.

மார்ச் 27

இன்று மதியம் சமைக்கவில்லை.

கோபத்தினால் இல்லை, இதை எனக்கு நானே தெளிவாக்கிக்கொள்கிறேன். காலையில் அரிசியைக் களைய எடுத்தேன். கை போகவில்லை. அப்படியே பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அறுபத்தொன்பது வயது. எத்தனை வேளை சமைத்திருப்பேன்? கணக்குப் பார்க்கத் தெம்பில்லை.

போய்ச் சொன்னேன்: "இனிமே மத்தியானம் நான் கூடத்துல சாப்பிடறேன். உங்களுக்கு டப்பாவுல வாங்கிட்டு வரேன். இல்ல, ரொட்டி இருக்கு. காலையும் ராத்திரியும் செய்யறேன். மத்தியானம் என்னால முடியாது."

இவர் என்னைப் பார்த்தார். மூன்று நாளுக்கு அப்புறம் முதல் தடவை.

கூடத்தில் பிரேக் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரோ சமைத்த சோறு. உப்பு கம்மிதான். என் தட்டில் யாரோ பரிமாற, நான் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "என்ன, காரமா?" என்றார் அக்கா. ஆமாம் என்றேன்.

மார்ச் 29

மகள் போன் செய்தாள். அப்பா சொல்லிவிட்டாராம். என்னிடம் பேசாத வாய் அவளிடம் திறந்திருக்கிறது.

"அம்மா, அவர் பாவம்மா. வெறும் ரொட்டியத் தின்னுட்டு உக்காந்திருக்காராம்."

"நானும் பாவம்தான். அதையும் ஞாபகம் வச்சுக்கோ."

"ஆமாம்மா" என்றாள். சின்னக் குரலில். அவளும் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறாள்.

டப்பாவில் வாங்கி வருவதை இவர் தொடுவதில்லை. அதை ராத்திரி நான் சூடுசெய்து சாப்பிடுகிறேன்.

ஏப்ரல் 1

சாயங்காலம் மணியடித்தது. ஜட்ஜ். கைத்தடியோடு, தனியாக, எதிர்வரிசையிலிருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். நெற்றியெல்லாம் வேர்வை.

இவர் எழுந்து உள்ளே போகப் பார்த்தார். ஜட்ஜ் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் போக வழியில்லை.

"நீங்க... பாதியில எழுந்து போயிட்டீங்க. தீர்ப்பக் கேக்காம போறவங்கள எனக்குப் பிடிக்காது."

"என்ன தீர்ப்பு?" என்றார் இவர். எரிச்சலாகத்தான்.

"தடுப்பு கிடையாது. மனு தள்ளுபடி."

டீ போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். ஜட்ஜுக்குக் கோப்பை வாய்க்குப் போவதற்குள் பாதி சாசரில். கவலையே படாமல் சாசரைத் தூக்கி உறிஞ்சினார், சத்தமாக. தாடையில் வழிந்ததை அப்படியே விட்டுவிட்டு, எங்கள் வீட்டு ஜன்னல் எந்தத் திசை பார்த்தது என்று கேட்டார். இவர் கிழக்கு என்றார். இல்லை, அது கிழக்கு இல்லை என்றார் ஜட்ஜ். இவருக்கா பொறுக்கும்? திசையைப் பற்றி இவரிடமா? சரியான கிழக்கு இல்லை, வடக்கே கொஞ்சம் சாய்ந்தது என்று ஆரம்பித்துவிட்டார். பேச்சு வேகத்தில் கோப்பையை எடுத்தார். இரண்டு கையாலும். ஆடியது, சிந்தியது. குடித்தார்.

நான் அடுப்படிக்குள் திரும்பிவிட்டேன். பார்க்கக் கூடாது என்று.

ஜட்ஜ் போன பிறகு, "டீத்தூள் வேற மாத்திட்டியா?" என்றார் என்னிடம். இல்லை என்றேன். அவ்வளவுதான். ஆனால் பேசிவிட்டார்.

ஏப்ரல் 3

நாற்பது சேரவில்லை. பேண்டு மாமா வந்தார், தையல்கார அம்மாவைப் பிரேக் அக்கா சத்தமில்லாத மூலையில் உட்காரவைத்தார், அந்தக் கணவன் மனைவியும் கதவோரத்து மேசைக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் முப்பத்தாறுதான். மேலாளர் அம்மா மூன்று மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் டப்பா.

"ஜெயிச்சோமா தோத்தோமா?" என்று அக்காவைக் கேட்டேன்.

"வண்டி நிக்கல. அது போதும்."

ஏப்ரல் 6

கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிரேக் அக்காவின் முழங்கை என் விலாவில் இடித்தது. நிமிர்ந்தால், இவர் வாசலில். நல்ல சட்டை போட்டிருக்கிறார், பட்டன் ஒன்று மாறியிருக்கிறது. எழுந்து போகலாமா? எழவில்லை. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் மேசைக்கு வரவில்லை. நேரே ஜட்ஜ் எதிரில் போய் உட்கார்ந்தார், சுவரைப் பார்த்து. சூப்பை வேண்டாம் என்றுவிட்டார். ரொட்டியும் முட்டையும் மட்டும். ரொம்பக் கொஞ்சம்தான் இறங்கியது. பேங்க்காரர் ஒரு தடவை திரும்பினார். அக்கா அவரையே முறைத்தார், அவர் தட்டுக்குத் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் இவருக்குப் பசி. அலமாரியைத் திறந்து பிஸ்கட் எடுத்துத் தின்றார். நான் ஒன்றும் செய்து தரவில்லை. தரட்டுமா என்றும் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்காமல் இருந்தேன். சமைப்பதைவிட அது கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் 11

மாத்திரை கொஞ்சம் கேட்கிறது என்கிறார். காலையில் குறைவு, மத்தியானம் அதே ஆட்டம். இன்று சூப் வாங்கினார் என்று அக்கா சொன்னார். நான் பார்க்கவில்லை, முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன்.

முழங்கால் வீங்கியிருக்கிறது.

ஏப்ரல் 19

இன்று மதியம் நான் எங்கும் போகவில்லை. காலையிலிருந்தே அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. "நீங்க போய்ட்டு வாங்க. எனக்குப் பசியில்ல" என்றேன். ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகப் போனார்.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன். அடுப்பு அணைந்திருக்கிறது, கழுவ ஒன்றுமில்லை, யாருக்கும் எதுவும் எடுத்து வைக்க வேண்டியதில்லை. பட்டப்பகலில் அடித்துப் போட்டது போலத் தூங்கினேன். இப்படித் தூங்கி எத்தனை வருஷம் ஆயிற்று?

கதவுச் சத்தத்தில்தான் விழித்தேன். இவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சட்டையின் முன்பக்கம் பெரிதாக ஈரம். என்ன என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

"இன்னிக்கி உன் இடத்துல தையல்காரம்மா வந்து உக்காந்துட்டாங்க" என்றார். ஈரத்தை உதறிக்கொண்டே, "நாளைக்கு நான் முன்னாடியே போய் உனக்கு இடம் பிடிச்சு வைக்கவா?"

"பாக்கலாம்" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.